மார்க்கெட்டை இடிக்கும் முன்: எங்கள் வார்டு கவுன்சிலருக்கு

அன்புள்ள கவுன்சிலர் தங்கச்சிக்கு,

வணக்கம். தினசரி மார்க்கெட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் மாடி வைத்த வணிக வளாகம் கட்டுவது பற்றிய பொருள் வரும் நகர்மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் வருகிறது என்று கேள்விப்பட்டேன். மார்க்கெட் நம் வார்டில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்த அன்று நீங்கள் முதலில் கும்பிட்டதே அங்கே இருக்கும் தரைக்கடைக்காரர்களைத்தான். நேரில் வந்து சொல்லலாம் என்றால், வீட்டில் உங்கள் வீட்டுக்காரர்தான் உட்காரவைத்துப் பேசுகிறார். நல்ல மனிதர், காபி கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் மன்றத்தில் கை தூக்கப் போவது நீங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் கொண்டுவந்தது, போனை வேறொருவர் எடுப்பதற்காக இல்லையே. கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று ஊழியர் வாசித்துக்கொண்டே போவார். பத்தைத் தாண்டுவதற்குள் பின்வரிசையிலிருந்து 'ஆல் பாஸ்' என்று ஒரு குரல் வரும். மேஜை தட்டுவார்கள். அப்புறம் பஜ்ஜி. இந்த அவசரத்தில் ஒரு விஷயம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அஜெண்டாவில் சில பொருள்கள் 'மன்றத்தின் பார்வைக்கு' என்று முடியும், சில 'மன்றத்தின் அனுமதிக்கு' என்று முடியும். இன்னும் சில, தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையே முடிந்துவிட்டது, 'மன்றத்தின் அங்கீகாரத்துக்கு' என்று வரும். குடிநீர்க் குழாய் உடைந்தால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது, அதற்கு முன் அனுமதி தேவைதான். அதே வழியில் சுவருக்கு வர்ணம் அடித்த பில்லும் வந்தால் என்ன அவசரம் என்று கேட்க ஒருவராவது வேண்டும். மூன்றாவது வகைப் பொருள்களுக்கு மட்டுமாவது பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

மார்க்கெட் விஷயத்துக்கு வருகிறேன். வளாகமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். இப்போது இருக்கிற தகரக் கொட்டகை ஐப்பசி மழைக்கு ஒழுகுகிறது, காய்கறிக் கழிவு சாக்கடையை அடைத்துக்கொள்கிறது, கழிப்பறைக்குப் பூட்டுத்தான் போட்டிருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தப் பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். என் கவலையெல்லாம், என்ன கட்டப் போகிறார்கள் என்பது தெரியாமலே மன்றம் கை தூக்கிவிடுமோ என்பதுதான்.

நாம் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். 2004 ஜூலை 16 யாருக்கும் மறக்காது. காசிராமன் தெருப் பள்ளியில் சமையலறையில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், ஏறி இறங்கக் குறுகலான படி. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வருவதற்கு 2014 ஜூலை ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக்கும் கதவு எண் இருந்தது, பரிசோதிக்க வேண்டிய அலுவலர்களும் இருந்தார்கள். இவையெல்லாம் இருந்த இடத்தில்தான் குழந்தைகள் இறங்க வழியில்லாமல் நின்றார்கள்.

இப்போது நம் மார்க்கெட் சந்துக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். கிழக்கு வாசலில் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் கட்டியிருக்கும் தார்ப்பாய் நடுவில் ஒன்றையொன்று தொடுகிறது. டீக்கடை அடுப்புக்குக் கீழே ஒரு சிலிண்டர், பக்கத்தில் மாற்றுக்கு இன்னொன்று. அதற்கு எதிரே பிளாஸ்டிக் சாமான் கடை, அதன் மாடிப்படியில் குடமும் வாளியும் அடுக்கி ஆள் ஏறவே இடமில்லை. வயர்கள் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடைக்குப் போகின்றன என்று மின்வாரியத்துக்காரரே சொல்ல மாட்டார். சரி, புதுக் கட்டடம் வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்பார்கள். கட்டடம் மாறும், சந்து மாறாது. தீயணைப்பு வண்டி கடைவீதி முனையில் திரும்புமா? அங்கே டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. மாடிக் கடைக்காரர் நாளைக்குப் படியில் சரக்கு அடுக்க மாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகள் அதில் இருக்கின்றன. கட்டடங்களை முறைப்படுத்துவதும் அதில் இருக்கிறது, தீயணைப்பும் இருக்கிறது. நம் மாநிலத்தில் தீயணைப்பு தனித் துறை. ஆக, கட்டட அனுமதித் தாள் ஒரு அலுவலகத்தில், தண்ணீர் வண்டி இன்னொரு அலுவலகத்தில். இரண்டு பேரும் ஒரே சந்தில் சேர்ந்து நிற்பது தீப்பிடித்த அன்றைக்குத்தான். தீயணைப்பு நிலைய அலுவலரை இப்போதே வண்டியோடு ஒருமுறை வரச்சொல்லி, எதுவரை வண்டி போகிறது என்று பார்த்து, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி அஜெண்டாவோடு இணைக்கச் சொல்லுங்கள். செலவு டீசல் காசுதான். மார்க்கெட்டுக்கு விடுமுறை நாளில் வேண்டாம், கூட்டம் நெரிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டும்.

அடுத்தது மாடிக் கடைகள். இது என் ஊகம் இல்லை, பல ஊர்களில் நடப்பதுதான். வளாகம் கட்டும்போது மதிப்பீட்டில் எல்லாக் கடையும் வாடகைக்குப் போகும் என்று கணக்கு எழுதுகிறார்கள். ஏலத்தில் தரைத்தளம் போய்விடும், மாடியைக் கேட்க ஆள் வருவதில்லை. கத்திரிக்காய் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? அப்புறம் மறு ஏலம், மறுபடி மறு ஏலம். தரைத்தளத்திலும் ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துகிறவர் வேறொருவர். நகராட்சிக்குக் கட்டுவது ஒரு வாடகை, உள்வாடகை அதைப்போல் பல மடங்கு. இடையில் நிற்கிறவருக்கு ஒரு வேலையும் இல்லை. அரசு மானியம் போக மீதிக்குக் கடன் வாங்கிக் கட்டினால், மாடி காலியாகக் கிடந்தாலும் தவணை காலியாகக் கிடக்காது. அந்தத் தவணையை எந்த வருமானத்திலிருந்து கட்டுவோம் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வாயால் வேண்டாம், ஆணையரின் குறிப்பாக வரட்டும்.

தரைக்கடை பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைத்தேன். கீரைக்கட்டு விற்கிற பாட்டி ஒருவர் மேற்கு வாசலில் சாக்கு விரித்து உட்கார்வார், உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் மார்க்கெட் கட்டணம் வசூலிக்கும் குத்தகைக்காரரின் ஆள் வந்து காசு வாங்கிக்கொண்டு போவார். சீட்டு ஒரு நாள் கொடுப்பார், ஒரு நாள் கொடுக்க மாட்டார். கொடுத்த சீட்டில் அச்சடித்த தொகை ஒன்று, வாங்கியது ஒன்று. கட்டண விவரப் பலகை எங்கே என்று கேட்டேன். கம்பம் இருக்கிறது, பலகை இல்லை. புது வளாகத்துக்கு இந்தப் பாட்டியின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. கடை வைத்திருப்பவர்களுக்காவது வாடகை ரசீது உண்டு, தற்காலிக இடம் கொடுங்கள் என்று கேட்பார்கள். சாக்கு விரித்தவருக்கு ஏது ரசீது?

ஆனால் சட்டம் இருக்கிறது. 2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும், அதாவது 60,000 பேர் இருக்கிற ஊரில் 1,500 பேர்வரை. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இன்னொன்றும் அதில் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: 50 வருடத்துக்கு மேலாகத் தெருவோர வியாபாரிகள் கூடி விற்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து அவர்களை மாற்றக் கூடாது. நம் மேற்கு வாசல் சந்தைக்கு எத்தனை வயது? உங்கள் மாமியாரைக் கேளுங்கள், அவர் கல்யாணமாகி வந்தபோதே அங்கே கீரை விற்றார்கள். நம் ஊர் விற்பனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று மன்றத்தில் கேட்டால் அவையில் கொஞ்சம் இருமல் கேட்கும். இருமட்டும்.

சாலை பற்றி ரொம்ப நீட்ட மாட்டேன். மார்க்கெட் வேலையோடு சுற்றியுள்ள தெருக்களுக்கும் புதுச் சாலை போடுவார்கள். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். நம் தெருவில் சுரண்டாமல் போட்டதில் மூன்று படி இருந்த வீட்டுக்கு இப்போது ஒன்றுதான் பாக்கி. மழை பெய்தால் தெருத் தண்ணீர் திண்ணைக்கு வருகிறது. ஒப்பந்தத்தில் சுரண்டுவதற்கான தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலை நடக்கிற அன்று தெருவில் நின்று பாருங்கள். எல்லோரும் வருவோம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள், நியாயம்தான். 2022-இல் சொத்துவரி ஏறியபோது 600 சதுரடி வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று நம்மைப் போன்ற ஊர்களுக்கெல்லாம் ஏற்றினார்கள். வரியை உயர்த்தாவிட்டால் ஒன்றிய நிதிக்குழு மானியம் வராது என்பது காரணம். முனகிக்கொண்டே கட்டினோம். கட்டியவர்களுக்கு மாடியில் பூட்டிய கடைகளைவிட மார்க்கெட்டில் திறந்த கழிப்பறை ஒன்று கண்ணில் படுவது நல்லது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், கட்டியதைக் கழுவ, பழுதுபார்க்க ஆள் ஒதுக்குவதில்லை. எந்தப் புதுக் கட்டடப் பொருள் வந்தாலும், இதைப் பராமரிக்கப் போகிற பணியாளர் எத்தனை பேர், சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து என்று கேட்டுப் பழக்குங்கள். துப்புரவுப் பணியாளர்களை இங்கிருந்து அங்கே மாற்றிச் சமாளிப்போம் என்று பதில் வந்தால், நம் தெருக் குப்பை இரண்டு நாள் கிடக்கப் போகிறது என்று அர்த்தம்.

மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு இவ்வளவும் செய்யணுமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். தலைவரைப் பகைத்துக்கொண்டால் வார்டுக்கு ஒரு தெருவிளக்குகூட வராது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டாம் என்கிறேன். கிராம சபை போல நகரத்தில் மக்களைக் கூட்டிப் பேசும் பகுதி சபா என்ற ஏற்பாடு 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது, முதலமைச்சரே அன்று பம்மலில் போய் உட்கார்ந்தார். வார்டின் பகுதி சபாவைக் கூட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. மன்றக் கூட்டத்துக்கு முன்னால் மார்க்கெட் கொட்டகையிலேயே கூட்டுங்கள். வியாபாரம் முடிகிற மத்தியான நேரம் வையுங்கள், கல்யாண மண்டபம் வேண்டாம், மைக்கும் வேண்டாம். வளாகத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒரு தூணில் ஒட்டச் சொல்லுங்கள். படி எங்கே, கழிப்பறை எங்கே, தரைக்கடை எங்கே என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். அங்கே எழுதுகிற தீர்மானத்தை மன்றத்தில் நீங்கள் வைத்தால், அது உங்கள் எதிர்ப்பாக இருக்காது, வார்டின் கோரிக்கையாக இருக்கும்.

அஜெண்டா கைக்கு வந்ததும் ஒரு நகல் அனுப்புங்கள். மார்க்கெட் பொருளின் அலுவலகக் குறிப்பும் மதிப்பீடும் இணைப்பில் இல்லை என்றால், ஆணையருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், வீட்டுக்காரருடையது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு வாக்காளன்