பொழுதுபோக்காம்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஸ்கேட்போர்டு (சக்கரப் பலகை) கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். ஸ்கேட்போர்டு வீரரும் இசைக் கலைஞருமான சக் ட்ரீஸைப் பற்றி ஒரே ஒரு வரி: 'பொழுதுபோக்காக கிட்டாரும் வாசிப்பவர்.' அதற்கு மேல் பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை.

1993-இல் வந்த அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'ரிவர் ஆஃப் ட்ரீம்ஸ்' பாட்டுக்கு பேஸ் (அடிநாதம் தரும் நாலு கம்பிக் கிட்டார்) வாசித்தது இதே ட்ரீஸ்தான் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிலடெல்பியாவில் மெக்ராட் என்ற இசைக்குழுவை நடத்தியவர், கிட்டார், பேஸ், டிரம்ஸ் எதைக் கொடுத்தாலும் வாசிப்பவர். 1988-இல் பவல் பெரால்டா என்ற ஸ்கேட்போர்டு நிறுவனம் வெளியிட்ட வீடியோவில் ரே பார்பீ தெருவில் பலகை ஓட்டி வரும்போது பின்னால் ஓடுவதே மெக்ராட் பாட்டுதான். அந்த பார்பீயும் டாமி கெரேரோவும் ட்ரீஸும் பிற்பாடு ஒரே குழுவில் வாசித்தார்கள். மூவரும் தொழில்முறை ஸ்கேட்போர்டு வீரர்கள். பாவம், யாருக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது.

நான் இருபத்தாறு வருடமாக பேஸ் வாசிப்பவன். ஒரே ஒரு தடவை நண்பனின் பலகையில் ஏறினேன். பத்தடி கூடப் போகவில்லை, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. அவிழ்த்த அன்று பேஸின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்துப் பகுதியிலுள்ள கட்டத்தில்) ஆள்காட்டி விரலை வைத்தால் நான்காவதுக்குச் சுண்டுவிரல் எட்டவே இல்லை. பலகையிலிருந்து விழும்போது தரையில் ஊன்றுவதும் இதே கைதான், கம்பியை அழுத்துவதும் இதே கைதான். இரண்டையும் தொழிலாகச் செய்கிற ஒருவரைத் தங்கள் நிருபர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். சரி, அவருக்கு என்ன அவசரமோ.

இது புதிதும் அல்ல. தங்கள் இதழின் கச்சேரி விமர்சனங்களில் பாடகர் பெயர் இருக்கும், பாடகர் உடுத்தியிருந்த உடையின் நிறம் இருக்கும். நாங்கள் 'மற்றும் குழுவினர்'. ஒருமுறை என் படமே வந்தது, 'கிட்டார் கலைஞர்' என்று. நாலு கம்பியை எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதும் எழுதினேன். பதில் இல்லை.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'பொழுதுபோக்காக' என்ற சொல்லை நீக்கிப் படிக்கவும் என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
மற்றும் குழுவினரில் ஒருவன்