பக்கத் தையலில் உடையும் கட்டம்

அன்புள்ள வசந்தி,

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்துக்காக நீ வரைந்த சட்டை ஃபைல் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. ஜோதி அடுத்த மாதம் வருகிறாள். இந்தச் சட்டையை மட்டும் அவளிடம் காட்டிவிடாதே, பச்சைப் பாவாடை கதையை மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

நேற்று ராத்திரி அதை செகண்ட் லைஃபில் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அவதாரை, அதாவது அங்கே நமக்காக நடமாடும் உருவத்தை, கொஞ்சம் திருப்பியதும் அக்குளுக்குக் கீழே கட்டம் உடைந்து, முதுகுப் பக்கம் வேறு உயரத்தில் தொடங்குகிறது. பூப்போட்ட துணியில் இதெல்லாம் மறைந்துவிடும். நீ முதல் உருப்படிக்கே மெட்ராஸ் கட்டத்தை எடுத்தாயே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

உடைவதற்குக் காரணம் இதுதான். டெம்ப்ளேட்டில், அதாவது உடம்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் அச்சுப் படத்தில், முன்பக்கம், முதுகு, கை எல்லாம் தனித்தனித் துண்டு. எல்லாத் துண்டுக்கும் உடம்பில் ஒரே அளவு பிக்சல் கிடைப்பதில்லை. அக்குளை ஒட்டிய இடத்தில் படம் இழுபடும், நெஞ்சுக்கு நடுவே கிட்டத்தட்ட சரியாக நிற்கும். நீ சமமான கட்டத்தை மொத்த டெம்ப்ளேட்டிலும் பரப்பிவிட்டாய். தட்டையாகப் பார்க்கும்போது சரி, உடம்பில் ஏறியதும் கோணல். முதலில் உடம்பை அளந்துகொள். 1024க்கு 1024 அளவில், 32 பிக்சலுக்கு ஒரு கோடாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுது. அதைச் சட்டையாகப் போட்டு முன், பின், இரண்டு பக்கம், கை தூக்கிய நிலை என்று ஐந்து படம் எடு. எந்த எண்ணுள்ள கட்டம் நீள்சதுரமாகிறது, பக்கத் தையலில் முன்பக்கத்து எந்த எண் முதுகின் எந்த எண்ணோடு சேர்கிறது என்று குறித்துக்கொண்டால் அந்தக் காகிதம் எல்லாச் சட்டைக்கும் உதவும். செகண்ட் லைஃபில் துணி வரைபவர்களுக்காக சிப் மிட்நைட், ராபின் வுட் இருவரும் செய்து கொடுத்த டெம்ப்ளேட்டுகளும் நல்லவை. இருந்தாலும் நீயே எண் போட்டுப் பார்த்தால்தான் கைக்குப் பழகும்.

இதற்கெல்லாம் அப்லோடு பண்ணிக் காசைக் கரைக்காதே. ஒவ்வொரு தடவையும் அங்கத்து நாணயமான லிண்டன் டாலர் போகும். டெக்ஸ்ச்சர், அதாவது மேலே போர்த்தும் படம், தேர்ந்தெடுக்கும் பெட்டியில் ‘லோக்கல்’ என்று இருக்கிறதே, அதில் உன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைச் சேர்த்துவிடு. படம் வரையும் ஜிம்ப் மென்பொருளில் திருத்தி அதே ஃபைலின் மேல் எக்ஸ்போர்ட் பண்ணியதும் அவதார் மேலும் மாறிவிடும். உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், வெளியே போய்த் திரும்ப வந்தால் போய்விடும். வேலை முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை அப்லோடு பண்ணு.

இப்போது தையல். டெய்லர் என்ன செய்கிறார் என்று பார். பக்கத் தையலில் படுக்கைக் கோடுகளைத்தான் சேர்ப்பார், நெடுக்குக் கோடு அங்கே வெட்டுப்பட்டால் யாரும் குறை சொல்வதில்லை. நீயும் அதையே செய். குறித்து வைத்த எண்களைப் பார்த்து, முதுகுத் துண்டின் படுக்கைக் கோடுகளை, ஜிம்பில் படத்தை இழுத்து வளைக்கும் கேஜ் டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் மேலும் கீழும் இழுத்து முன்பக்கத்தோடு சேர்த்துவிடு. பட்டன் பட்டியில் கட்டம் இரு பக்கமும் பொருந்தியே ஆகவேண்டும், கண் முதலில் போவது அங்கேதான். கையில் நெஞ்சு மட்டத்துக் கோடு ஒன்று மட்டும் சேர்ந்தால் போதும். சாதா அவதாரில் இரண்டு கையும் ஒரே துண்டைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒரு கையில் எழுத்தோ சின்னமோ வைத்தால் அடுத்த கையில் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும்.

வசந்தி, எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் பட்டது நிறம். சிவப்புக் கோட்டின் மேல் நீலக் கோட்டை, நிறங்களை ஒன்றோடொன்று பெருக்கிக் கறுப்பாக்கும் மல்டிப்ளை முறையில் வைத்திருக்கிறாய், இரண்டும் சந்திக்கும் இடம் கரிப் பிடித்த மாதிரி இருக்கிறது. தறியில் அப்படி நடக்காது. சாதா நெசவில் நெடுக்கே ஓடும் பாவு ஒரு இழை மேலே, குறுக்கே ஓடும் ஊடை ஒரு இழை மேலே என்று மாறி மாறி வருவதால் சந்திப்பில் இரண்டு நிறமும் பாதிப் பாதி தெரியும். கம்ப்யூட்டர் எழுதும் சிவப்பு, பச்சை, நீல அளவில் சொன்னால், உன் சிவப்பு 200, 40, 40. நீலம் 40, 60, 160. மல்டிப்ளையில் 31, 9, 25 என்று கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். சராசரி எடுத்தால் 120, 50, 100, நல்ல கத்திரிப்பூ நிறம். அதுதான் மெட்ராஸ் துணியின் உயிர். பாவை முழு லேயராகப் போடு, வெள்ளை இடைவெளியும் சேர்த்து. ஊடையையும் அப்படியே முழுசாகப் போட்டு, அந்த லேயரை 50 சதவீதத்துக்குக் குறை. சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் தானாக வெளிறும், சிவப்பும் சிவப்பும் சேரும் இடத்தில் மட்டும் நிறம் முழுசாக நிற்கும். வீட்டில் இருக்கும் ஒரு கட்டச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார், நான் சொல்வது புரிந்துவிடும்.

நூல் இழை இழையாகத் தெரியவேண்டும் என்று சேர்த்திருக்கும் புள்ளிகளை எடுத்துவிடு. முன்பக்கத் துண்டு 400 பிக்சல் என்று வை, நிஜத்தில் அது 18 அங்குலம். அங்குலத்துக்கு 22 பிக்சல்தான் வருகிறது. அங்குலத்துக்கு 60 இழை உள்ள துணியில் ஒரு இழைக்கு அரைப் பிக்சல்கூட இல்லை. அவதார் நகரும்போது அந்தப் புள்ளிகள் மினுமினுக்கும், அவ்வளவுதான் பலன்.

விளிம்பில் வெள்ளைக் கோடு வருகிறது என்று கேட்டிருந்தாய். ஆல்ஃபாவில், அதாவது எது தெரியும் எது மறையும் என்று சொல்லும் பகுதியில், மறைந்த இடத்துக்கு அடியில் வெள்ளை நிறம் கிடக்கிறது. படம் சிறிதாகும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து அது வெளியே கசிகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் சட்டையின் சராசரி நிறத்தில் ஒரு லேயரை முழுக்க நிரப்பு. வடிவத்தை ஆல்ஃபா சானலில் தனியாக வை, வெள்ளை தெரியும், கறுப்பு மறையும். ஆல்ஃபாவும் சேர்ந்து வரும் 32 பிட் டிஜிஏ ஃபைலாகச் சேமி. பிஎன்ஜி என்றால் மறைந்த பிக்சலின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் குறியை ஜிம்பில் போட மறக்காதே. துண்டுகளின் ஓரத்தைத் தாண்டியும் 10, 15 பிக்சல் துணியை இழுத்துவிடு.

மடிப்பு நிழலை லேசாக வரை. 2019இல் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்தபின் இந்தச் சட்டை, சாதா அவதாருக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளும் மெஷ் உடம்பிலும் ஏறுகிறது. ஆனால் மேடு பள்ளத்துக்கான நார்மல் மேப் இந்த லேயர்களோடு சேர்ந்து போகாது, வரைந்த நிழல் மட்டும்தான். ஒரு பக்கமிருந்து வெயில் அடிக்கிற மாதிரி வரைந்தால் அங்கே சூரியன் இடம் மாறும்போது பொய் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஏதோ கடைப் படத்திலிருந்து துணியை வெட்டி எடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். யாரோ உட்கார்ந்து யோசித்து அடுக்கிய நிற வரிசை அது. உன் சட்டையில் எத்தனை இழை சிவப்பு, எத்தனை வெள்ளை என்பதை நீயே அடுக்கு. சாயந்திரம் ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு அதை யார் கேட்டாலும் உன்னுடையது என்று சொல்லலாம்.

எண் போட்ட கட்டத்தின் ஐந்து படங்களையும் அனுப்பு. முதுகுத் துண்டை எவ்வளவு இழுக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். குழந்தைகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேன்மொழி