சட்டத்தோடு மாற்று வழியும் வேண்டும்

சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடிவாளம் தேவை என்ற தலையங்கம் படித்தேன். சட்டம் வரட்டும், சரி. மாற்று வழியையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் பக்கத்தை ஒரு பெரிய தளம் காரணம் சொல்லாமல் முடக்கியது. கூட்டப் படங்கள், உரைப் பதிவுகள் எல்லாம் போயின. முறையிட்டால் தானியங்கிப் பதில்தான் வந்தது.

இதற்கு ஒரு மாற்று, 2016இல் வெளியான மாஸ்டடான் என்ற சமூக ஊடக மென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் (இணையத்தில் இயங்கும் கணினியில்) நிறுவலாம். மின்னஞ்சல் போல, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். நிர்வாகம் பிடிக்காவிட்டால் பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்கு மாறலாம். பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது. நெதர்லாந்து அரசு 2023இல் தனக்கென ஒரு சர்வர் தொடங்கியது. நம் பொது நூலகத் துறையும் ஒன்றை நடத்தி, முதலில் வாசகர் வட்டங்களுக்குக் கணக்கு தரலாம்.