வெள்ளிக்கிழமைக் கோதுமைக் கஞ்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீ கடைசியாகத் தொலைபேசியில் கதைத்து ஆறு கிழமைகளாகின்றன. கடையில் வேலை கூட என்று நீ அனுப்பிய இரண்டு வரியை அம்மா அழிக்காமல் வைத்திருந்து, கண்ணாடியைத் தேடியெடுத்து மறுபடியும் மறுபடியும் வாசிக்கிறார். நான் குறை சொல்ல எழுதவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை கடையின் எண்ணுக்கு எடுத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. லைனில் ஏதும் பழுதாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் காகிதத்தையும் முழுவதும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே.

இந்தக் குளிர்காலம் முழுவதும் நூலகத்தில் இருந்து ஆங்கிலேயருடைய பழைய சமையலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருந்தாளர் வேலையை விட்டுவிட்டு வடக்கே ஹெக்ஸம் பக்கம் போய்க் குசினியில் நிற்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில் நான் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கும்; அதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. 1985 இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது தங்கியிருந்த வீட்டு அம்மையார் கோவாவை நிறம் போகும்வரை அவித்து, உப்பை மட்டும் தூவித் தருவார். பாண் துண்டில் வெண்ணெயைப் பூசிய பின்னர் அதே கத்தியால் பாதியை மறுபடி வழித்து எடுப்பார். இவர்களுக்குச் சமையல் என்று ஒன்று இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அதன் பிறகு அந்த முடிவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்: யுத்தகால உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி, 1954 ஜூலையில்தான் கடைசியாக இறைச்சியும் விடுபட்டு முடிந்தது. அந்த அம்மையார் சமைக்கப் பழகிய வயது முழுவதும் அந்த 14 வருடங்களுக்குள் அடங்கிப்போயிருக்கிறது. கிழமைக்கு ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெய் என்று அளந்து வீடு நடத்திய கை, வழித்தெடுக்காமல் வேறு என்ன செய்யும்? பங்கீட்டுக் காலத்து முட்டுப்பாட்டை ஒரு நாட்டின் ருசி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முந்திய கதையை நீ எத்தனையோ தடவை சொல்லத் தொடங்கியிருக்கிறாய். நான்தான் செய்தி பார்க்க வேண்டும் என்று எழும்பிப் போயிருக்கிறேன். இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் தலைமைச் சமையற்காரர்கள் ஏறத்தாழ 1390 இல் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற சமையல் நூலைத் தற்கால ஆங்கில விளக்கத்தின் உதவியோடு வாசித்து முடித்தேன். கியூரி என்பது நம்முடைய கறி அல்ல, சமையலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்தது என்று நீ சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ சொன்னதே சரி. அந்தச் சமையற்காரர்களின் கையில் இஞ்சி, மிளகு, கராம்பு, கறுவா, குங்குமப்பூ எல்லாம் தாராளமாகப் புழங்கியிருக்கின்றன. பழுதான இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் அவற்றைப் போட்டார்கள் என்று நான் பலரிடம் சொல்லித் திரிந்தது முழுப் பிழை. மலபாரில் ஏறி, அலெக்சாந்திரியாவிலும் வெனிஸிலும் கைமாறி வந்த மிளகை வாங்க வசதியிருந்தவனுக்கு ஊரில் அன்றைக்கு அடித்த ஆட்டை வாங்க வசதியில்லாமல் போயிருக்குமா? அந்த நூலில் இன்னொன்றும் என்னைப் பிடித்து நிறுத்தியது. பெரும்பாலான பக்குவங்களுக்கு அளவே இல்லை. வாதுமையை எடு, அரை, வடி, போடு, உப்பிடு, அவ்வளவுதான். கொக்குவில் அடுப்படியில் அம்மம்மா சொல்லித் தந்ததும் இப்படித்தான். உன் அம்மா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

நீ இருக்கும் பக்கத்திலேயே, ஜாரோ மடத்தில், 735 இல் பீட் என்ற துறவி இறக்கும் தறுவாயில் தம்முடைய சின்னப் பெட்டியில் இருந்த மிளகையும், துணிகளையும், சாம்பிராணியையும் எடுப்பித்து மடத்துக் குருமாருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். அவருடைய மாணவர் அதைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அத்தனை நூல்களை எழுதிய மனிதர் கடைசியில் பிரித்துக் கொடுக்கத் தம்முடையது என்று வைத்திருந்தவற்றில் மிளகும் ஒன்று. உன் கடையில் ஒவ்வொரு மேசையிலும் மிளகை ஏன் சின்ன மரப்பெட்டியில் வைத்தாய் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விலை கூடிய பெட்டி, வீண் செலவு என்று மட்டும் சொன்னேன்.

ஹன்னா கிளாஸைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வளர்ந்த ஊர் என்றபடியால்தானே நீ ஹெக்ஸமைத் தெரிந்தெடுத்தாய். என்றாலும் எழுதுகிறேன். பெரிய வீடுகளின் பிரெஞ்சுச் சமையற்காரர்களுக்காக இல்லாமல் எழுத வாசிக்கத் தெரிந்த எந்த வேலைக்காரப் பெண்ணுக்கும் விளங்க வேண்டும் என்று 1747 இல், தன் பெயரைக்கூடப் போடாமல், தன் சமையல் நூலை அவர் வெளியிட்டார். நெருப்பின் முன்னால் கம்பியில் சுழலும் இறைச்சியின் கீழே மாவுக் கரைசலை வைத்து, சொட்டும் கொழுப்பிலேயே வேகவிடும் பண்டத்துக்கு யோர்க்‌ஷயர் புடிங் என்ற பெயர் அவருடைய நூலில் இருக்கிறது. இந்திய முறைக் கறி ஒன்றும் இருக்கிறது. கொத்தமல்லி விதையைச் சுத்தமான நெருப்புச் சட்டுவத்தில் வறுத்து இடித்துக்கொள்ளச் சொல்கிறார். தாச்சி இல்லாத வீட்டில் இருப்பதைக் கொண்டு வறுக்கச் சொன்ன அந்தப் புத்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். அப்படிப்பட்டவர் 1754 இல் கடனில் முறிந்தார். தையல் தொழிலில் வந்த கடன் அது. தன் நூலின் உரிமையையே விற்க நேர்ந்தது. 1757 இல் கடனாளிகளின் சிறையிலும் இருந்தார். வெளியே வந்த பிறகு மறுபடி எழுதினார். இனிப்புப் பண்டங்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். அவர் கடன்பட்டார் என்பதற்காக அந்தப் புடிங் ஒருநாளும் பொங்காமல் விட்டதில்லை.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். ஒன்றுமில்லை, வாசித்தேன், எழுதுகிறேன். இந்தக் காலத்தில் அப்படிச் சிறை ஒன்றும் கிடையாது. கடைக் கணக்கையும் உன் சொந்தக் கணக்கையும் பிரித்தே வைத்திரு. யாராவது வந்து அவசரப்படுத்தினாலும் எதிலும் உடனே கையெழுத்து வைக்காதே. முதலில் எனக்கு அனுப்பு, தபால் கந்தோரில் 24 வருடம் காகிதம் பார்த்தவன் நான். காணி விற்ற காசில் உன் பங்கு தொடாமல் அப்படியே இருக்கிறது. மேல் அறையின் ஹீட்டரையும் திருத்தியாயிற்று. சாப்பிடாமல் இருக்காதே. சமைக்கிறவர்கள்தான் சாப்பிடாமல் இருப்பது.

மகளே, நான் எழுத நினைத்து உட்கார்ந்தது இது எதுவும் அல்ல.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கு என்பதை இந்த மாதம்தான் வாசித்தேன். ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில் முட்டை, பால், வெண்ணெயும் கூடாது. அதனால் வாதுமையை அரைத்துப் பால் எடுத்து, எல்லாவற்றையும் அதிலே செய்திருக்கிறார்கள். குற்றிய கோதுமையைக் குழைய அவித்துச் செய்யும் ஃப்ரூமெண்டி என்ற கஞ்சிக்கு மற்ற நாட்களில் மாட்டுப்பாலும் முட்டை மஞ்சளும் சேரும். நோன்பு நாளில் வாதுமைப்பால் சேரும். ரிச்சர்டின் சமையற்காரர்களின் நூலிலும் வாதுமைப்பால் சேர்க்கும் முறை இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, நூலகத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

நீ கடை திறந்த நாள் வெள்ளிக்கிழமை. சாமான் வந்து சேராததால் நாள் தள்ளிப்போனதென்றும் வேறு வழியில்லை என்றும் சொன்னாய். என் முன்னால் ஒரு மண் கோப்பையில் கோதுமைக் கஞ்சி வைத்தாய். மஞ்சள் நிறமாக இருந்தது. முட்டை போட்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமை என்றுகூடப் பார்க்கவில்லை என்று என் மனம் சொன்னது. ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டேனா? கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா கட்டித் தந்த இடியப்பப் பெட்டியை உன் மேசையிலேயே, உன்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் திறந்து சாப்பிட்டேன். நீ கையில் துடைக்கும் துணியோடு நின்றாய். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அது முட்டை இல்லை, குங்குமப்பூ. அது வாதுமைப்பால். அறுநூறு வருடத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமையை என்னுடைய வெள்ளிக்கிழமைக்காகத் தேடிப் பிடித்துச் சமைத்து வைத்திருந்தாய். நீயும் அதைச் சொல்லவில்லை; உனக்கும் என் பிடிவாதம்தான். ஆனால் பிழை என்னுடையது.

கோவிலில் கேட்பவர்களிடம் நீ இன்னும் மருந்தகத்தில் வேலை செய்வதாகத்தான் நான் சொல்லி வந்தேன். அதையும் நீ அறிய வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த உன் படத்தை வெட்டி வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருப்பதும் நான்தான். இரண்டையும் செய்தவன் ஒருவனே. சென்ற வெள்ளிக்கிழமை தேர் முட்டியடியில் சின்ன மாமி கேட்டபோது, என் மகள் சமைக்கிறாள் என்று சொன்னேன். அவர் என்ன நினைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

உங்கள் பக்கத்து ஆட்கள் துணியில் கட்டி அவிக்கும் அந்த மஞ்சள் பட்டாணிப் பருப்பை நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். பன்றி இறைச்சி இல்லாமல், உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெயோடு. பருப்பை இரவே ஊறவிட்டு, என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டி, இரண்டரை மணித்தியாலம் அவித்தேன். அவிழ்த்தபோது வெளிப்புறம் களியாகவும் நடுப்பகுதி மாவாக வேகாமலும் இருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டேன் என்று அம்மா சொல்கிறார். பருப்பு ஊதுவதற்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்றுதான் நூலிலும் இருக்கிறது. எவ்வளவு இடம் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யலாம் என்று இருக்கிறேன். சனி இரவு பருப்பை ஊறவைக்க முன்னர் ஒரு தடவை தொலைபேசியில் எடுத்து, எத்தனை விரல் விட்டு முடிச்சுப் போட வேண்டும் என்று சொல்லு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் நித்திரை கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அப்பா