தரைவழி இணைப்பைத் துண்டிக்காமலே இணையத் தொலைபேசியைச் சேர்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தரைவழித் தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு முழுவதுமாக இணையத் தொலைபேசிக்கு மாறிவிடுங்கள் என்று விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாக வந்து வற்புறுத்துகிறார்கள். கடலூர் முதுநகரில் படகு இயந்திர உதிரிபாகக் கடை நடத்துபவன் என்ற முறையில், இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய தேவையே இல்லை என்பதைச் சக வணிகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

04142 என்று தொடங்கும் எங்கள் கடை எண், தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை படகு உரிமையாளர்கள் பலருக்கும் மனப்பாடம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் வழக்கம்போல் கம்பி வழியே வருகின்றன. கோயம்புத்தூருக்கும் குஜராத்தின் ராஜ்கோட்டுக்கும் நாங்கள் பேசுபவை இணைய வழியில் செல்கின்றன. தரைவழிக் கம்பியையும் இணையத்தையும் இணைக்கும் சிறு கருவியான ஒரே பெட்டியில் இரண்டும் சேர்வதால், கல்லாவில் இருப்பவரும் கிடங்கில் இருப்பவரும் எந்த அழைப்பையும் எடுக்கவும் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுக்கவும் முடிகிறது. இணையத் தொலைபேசியைச் சாதாரண எண்களோடு இணைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018இல்தான் தெளிவான அனுமதி கிடைத்தது. எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாதவரிடம் வாங்கிவிடக் கூடாது.

பெட்டி வாங்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். தரைவழிக் கம்பியைச் செருகும் துளைக்கு எப்.எக்ஸ்.ஓ. என்றும், சாதாரண தொலைபேசிக் கருவியைச் செருகும் துளைக்கு எப்.எக்ஸ்.எஸ். என்றும் பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகை மட்டுமே உள்ள பெட்டியில் தரைவழி இணைப்பைச் சேர்க்கவே முடியாது. இதை விற்பவர்களில் பலர் சொல்வதில்லை.

பொருத்திய பின்பும் ஒரு சிக்கல் வரும். எங்கள் கடையில் வாடிக்கையாளர் பேசி முடித்து வைத்துவிட்ட பிறகும் பெட்டி இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்து அழைத்தவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு ஒலியே கேட்டது. காரணம், எதிர்முனை வைத்ததும் கம்பியில் வரும் எங்கேஜ்டு ஒலியைக் கேட்டுத்தான் பெட்டி இணைப்பை விடும்; எங்கள் பெட்டியோ வெளிநாட்டு ஒலிக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது. நம் நாட்டின் எங்கேஜ்டு ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலித்து முக்கால் வினாடி ஓய்வது. அதைப் பதிந்ததும் கோளாறு தீர்ந்தது. பொருத்த வந்த தொழில்நுட்பப் பணியாளருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வருத்தம். தரைவழியிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு விதியையும் பெட்டியிலேயே பதிந்துவிடுவது நல்லது.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் வினாடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவாகவே போதும். கணினியில் பெரிய கோப்பு ஏறும் நேரத்தில் குரல் விட்டுவிட்டுக் கேட்காதபடி, ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை தரச் சொன்னால் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்சாரம். பழைய செம்புக் கம்பிக்குத் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வருவதால், கடையில் மின்சாரம் போனாலும், கம்பி அறுபடாமலும் நிலையத்தின் பேட்டரி தீராமலும் இருக்கும்வரை தொலைபேசி பேசும். ஃபைபர் வழியாகத் தரப்படும் எண்ணோ, பெயரளவில் தரைவழி எண்ணாக இருந்தாலும், கடையிலுள்ள மோடம் அணைந்தவுடன் செயலற்றுப்போகும். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பின் நாள் கணக்கில் இருளில் கிடந்த ஊர் இது. 2024இல் பெஞ்சல் புயலையும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளத்தையும் கண்டது. புயல் ஓய்ந்ததும் பழுதான இயந்திரங்களுக்குப் பாகம் கேட்டுத்தான் மீனவர்கள் முதலில் அழைப்பார்கள். ஆகவே, மின்சாரம் நின்றவுடன் கம்பியைத் தானாகவே ஒரு சாதாரண தொலைபேசியோடு சேர்த்துவிடும் வசதியுள்ள பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சிறு யுபிஎஸ் வைக்க வேண்டும்.

செம்புக் கம்பியை ஃபைபராக மாற்றும் நிறுவனங்கள், மின்தடையின்போது அந்த எண் இயங்குமா என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் எழுதித் தர வேண்டும்; மோடத்துக்கான பேட்டரியைக் கட்டணம் பெற்றாவது உடன் வழங்க வேண்டும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகு இயந்திர உதிரிபாக வணிகர்,
கடலூர் முதுநகர்.