பாட்டை நிறுத்தியவர்களுக்கும் கொக்கி வைத்தவர்களுக்கும்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் இருப்பவர்களுக்கும், எங்கள் தாமான் குடியிருப்பின் அக்கம்பக்கத்தாருக்கும், என் தையல்கடைக்கு வருகிற எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் துக்க வீட்டுக்காரி, இன்னும் வருசம் திரும்பவில்லை; பண்டிகை முடிந்த கையோடு உங்கள் வாசலில் வந்து நிற்க மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல். அளவு எழுதித்தான் எனக்குப் பழக்கம், கடிதம் எழுதி அல்ல. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் 2025 தைப்பூசம் கழிந்த மறுவாரம் போய்ச் சேர்ந்தார். தோட்டத்தில் முதலில் ரப்பர் பால் மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை வெட்டியவர் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவர் என் கடை மூலையில் முக்காலி போட்டு, மூக்குக் கண்ணாடியோடு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதர். குலை வெட்டிக் காய்த்துப்போன கை, ஊசியை அவ்வளவு மெதுவாகப் பிடிக்கும். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் அவர்தான். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். மின்னல் எப்எம் என்று பெயர் மாறி எத்தனையோ வருசமாகியும் அவருக்கு அது ரேடியோ ஆறுதான். ஊருக்கு 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வந்ததையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொன்னார்.

பாட்டென்றால் உயிர். ஆனால் எந்தப் பாட்டிலும் முதல் அடிக்கு மேல் அவருக்குத் தெரியாது. இரண்டாவது அடி வந்ததும் ‘தன்னானே தன்னானே’ என்று போட்டு நிரப்பிவிடுவார். முப்பது வருசம் இதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம்வரை நான் பெரிதாக அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது, அது போகட்டும். சித்திரை, வைகாசி, ஆடி எல்லாம் எப்படியோ கழிந்தது. புரட்டாசி பிறந்தது. தீபாவளி அக்டோபர் 20 என்பதால் துணியெல்லாம் செப்டம்பரிலேயே வந்து குவிந்துவிட்டது. ஒருநாள் காலை பக்கத்து மளிகைக் கடையில் தீபாவளிப் பாட்டைப் போட்டார்கள். முதல் அடி போனது. இரண்டாவது அடியைப் பாடியவர் ஒரு சொல் பிசகாமல் சரியாகப் பாடினார். அவ்வளவுதான். ஏழு மாதமாக வராத அழுகை மொத்தமாக வந்தது.

அப்போது கையில் கத்தரிக்கோல். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒரு பட்டுத் துணி மேசையில். ரவிக்கைக் கை வெட்ட வேண்டிய இடத்தை விட்டு வேறு எங்கோ வெட்டிவிட்டேன். அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் நம் ஊர் ஆசிரியை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நான் நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். “விடுங்கக்கா, கையில்லாத ரவிக்கையா தைச்சிடுங்க. எனக்கும் ரொம்ப நாளா ஆசை, வீட்லதான் விடமாட்டாங்க” என்றார். டீச்சர், அந்த ஒரு வார்த்தைக்கு இந்த மடல் முழுவதும் எழுதினாலும் போதாது.

மளிகைக் கடைத் தம்பி அன்று எதையும் கேட்கவில்லை. பாட்டை நிறுத்தினார். மறுநாளும் போடவில்லை. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர் போய்க் கைப்பேசிக் கடையிலும், எதிர்வரிசைச் சீனர் கடையிலும் சொல்லியிருக்கிறார். தீபாவளி சமயத்தில், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், எங்கள் வரிசை மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அந்த அமைதிக்கு உங்களுக்கு என்ன நட்டமாயிற்றோ, நான் கணக்குக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டீர்கள்.

யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை பஞ்சாபி சூட் தைக்கக் கொடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்து விசாரித்து, அங்கேயே கைப்பேசியில் தேடிப் படித்துச் சொன்னாள். கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்பவர் 2009ல் ஓர் ஆய்வு வெளியிட்டாராம். தெரிந்த பாட்டைக் கேட்கும்போது பாட்டும் நம் சொந்த நினைவும் மூளையில் ஒரே இடத்தில், நெற்றிக்குப் பின்னால், வந்து சேருகின்றனவாம். நெற்றிக்குப் பின்னால் என்றாள் அவள். எனக்கென்னவோ அடிவயிற்றிலிருந்துதான் வந்தது. ஆனால் அவள் தன் யோசனையாகச் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடிபட்டது. தினமும் கேட்கிற பாட்டில் பல நாள் கதை கலந்துபோகும், ஆன்ட்டி. வருசத்தில் ஒரு மாதம் மட்டும் கேட்கிற பாட்டில் போன தீபாவளி அப்படியே இருக்கும் என்றாள். சரிதான். பெட்டியில் மடித்து வைத்த பட்டு மாதிரி. மடிப்பு மடிப்பாக அப்படியே இருக்கிறது.

மூன்றாம் வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்குக்கும் ஒரு வார்த்தை. அவர் தைக்கக் கொடுத்த பாஜு கூரோங் உடுப்பை வாங்க வந்தவர், உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். அவருடைய அம்மா போன வருசம் இறந்துவிட்டார். இந்த மார்ச் கடைசியில் நோன்புப் பெருநாளுக்கு முந்தின இரவு சூராவ் தொழுகைக்கூடத்தில் தக்பீர் ஓதத் தொடங்கியதும் சமையலறையில் ரெண்டாங் கறி கிண்டிக்கொண்டே அழுதாராம். பெருநாளுக்குச் சொந்த ஊருக்குத் திரும்புவதைப் பாடும் பாட்டு ரேடியோவில் வந்தால் எழுந்து போய்விடுவாராம், “எந்த ஊருக்குத் திரும்புவது?” என்று கேட்டார். மலாயில் கேட்டார். எனக்குத் தமிழில் கேட்டது.

கிளினிக் மிஸி, அதாவது நர்ஸ், ஒரு துண்டுச் சீட்டில் மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண்ணை எழுதிக் கொடுத்தார், 03-7627 2929. இருபத்து நாலு மணி நேரமும் பேசலாமாம். நான் கூப்பிடவில்லை, எனக்கு அக்கம்பக்கமே போதுமாக இருந்தது. ஆனால் சீட்டைத் தையல் மெஷின் இழுப்பறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் நூல் வாங்க வந்த மாதிரி வந்து எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம் கொக்கிகள். தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது தைத்து முடித்து, கொக்கி இல்லாமல், 43 ரவிக்கைகள் கிடந்தன. அந்த முக்காலியில் உட்கார என்னால் முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு தாமான் பெண்கள் ஏழு பேர் ஊசியோடு வந்து பாயை விரித்தீர்கள். ஐந்து மாலை வந்தீர்கள். முறுக்குப் பிழிய வேண்டிய நேரம் அது, எனக்குத் தெரியும். ஒருவர் வைத்த கொக்கிகள் மூடினால் திறக்கவில்லை, அவற்றை ராத்திரி பிரித்து மறுபடி வைத்தேன். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

மூன்றாம் நாள் யாருடைய கைப்பேசியோ அலறியது. அழைப்பு ஒலியே தீபாவளிப் பாட்டு. அந்த அம்மா பதறிப்போய் பையைக் கொட்டித் தேடுகிறார், கிடைக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறீர்கள். முதல் அடி முடிந்தது. அப்போது, தோட்டத்தில் அவரோடு குலை பொறுக்கிய இரண்டு அக்காமார், ஊசியில் வைத்த கண்ணை எடுக்காமலே, ஒரே குரலில், ‘தன்னானே தன்னானே’ என்றார்கள்.

நான் மட்டும்தான் கேட்டுவந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், லாரியில், பனங்காட்டில் எல்லாம் அதைத்தான் பாடியிருக்கிறார் மனுசன். அன்று அழுதோமா சிரித்தோமா தெரியவில்லை. இரண்டு ரவிக்கையில் ஊசி குத்தி ரத்தப்பொட்டு.

தீபாவளிக்கு முந்தின நாள் அவருக்கு வைத்த படையலுக்கு ரேடியோவை நானே போட்டேன். எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, ஆனால் உங்கள் வீட்டு அதிரசமும் நெய் உருண்டையும் டப்பா டப்பாவாக வந்து, மேசையில் இடமில்லை. காலி டப்பாவைத் திருப்பித் தரும் வழக்கம் எனக்கில்லை. அடுத்த தீபாவளிக்கு நிரப்பித்தான் தருவேன், அதுவரை கேட்காதீர்கள்.

மளிகைக் கடைத் தம்பி, அடுத்த வருசம் புரட்டாசி பிறந்ததும் பாட்டைப் போடுங்கள். சத்தமாகவே போடுங்கள். அழுதால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்த ரவிக்கை ஒன்றை இன்னும் யாரும் எடுத்துப்போகவில்லை. அளவு ரவிக்கையும் கூடவே இருக்கிறது. கொக்கி நன்றாகவே மூடுகிறது, பார்த்துவிட்டேன்.