கோடைக் குறிப்புகளும் பொட்டாசியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கோடைகால உணவுக் குறிப்புகளில், எல்லோரும் தினமும் இளநீர் பருகலாம் என்றும், உப்பைக் குறைக்க விரும்புவோர் சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இவை நல்ல யோசனைகள்தாம். ஆனால், ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதே பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதால், மருந்தாளுநர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பதே இயல்பு. மிகுதியானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளோ அந்த வெளியேற்றத்தைக் குறைக்கும். அளவு 6.5ஐத் தாண்டினால், வெளியே பெரிதாக எதுவும் தெரியாமலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவதும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். இத்தகைய உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கியே சொல்கிறது.

கோடையில் நான் அதிகம் அஞ்சுவது வயிற்றுப்போக்கைத்தான். இரண்டு நாள் பேதியில் துவண்டுபோன முதியவர், சட்டைப்பையில் டெல்மிசார்டன் அட்டையை வைத்துக்கொண்டே, கால் குடைச்சலுக்கு டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைக் கேட்டு மருந்துக்கடைக்கு வருகிறார். உடலில் நீர் வற்றிய நிலையில் இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் வடிகட்டுவதற்கான அழுத்தம் சரிந்து, சில நாட்களிலேயே அது செயலிழக்கக்கூடும். சிறுநீர் குறையும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும், பொட்டாசியமும் உடன் ஏறும். அதே பேதி, சிறுநீரகம் தாக்குப்பிடிக்கும் வரை, பொட்டாசியத்தை வெளியேற்றிக் குறைத்துவிடவும் செய்யும். சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் வேகமாகக் குறையும். மிகவும் குறைந்தால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவும் சிறுநீரகத்தையே தாக்கும். பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் கை கால் தளர்ச்சி வரும் என்பதால், அசதியாக இருக்கிறதே என்று தாமாகவே இளநீரும் வாழைப்பழமும் சாப்பிட்டு ஈடுகட்டுவது ஆபத்து. ரத்தப் பரிசோதனை ஒன்றே விடை சொல்லும். (கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்து எடுத்த ரத்தத்தில் அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம், அதனால் வேறு கோளாறு இல்லாதவருக்கு எண் கூடியிருந்தால் மறுபரிசோதனை கேட்பதில் தவறில்லை.)

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ரத்த அழுத்த மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன. பெரிய நன்மை அது. மாத்திரை கொடுக்கும்போதே, பேதியோ வாந்தியோ நிற்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு எந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளவும், வலி மாத்திரையைத் தொடாதிருக்கவும், கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லவும் பணியாளர்கள் ஒரு துண்டுச் சீட்டு தந்தால் போதும். தங்கள் இதழும் அடுத்த கோடைக் குறிப்பில், சிறுநீரக நோயாளிகளும் இம்மருந்துகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இளநீரையும் மாற்று உப்பையும் பயன்படுத்த வேண்டும் என்ற வரியைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருவண்ணாமலை